கறுப்பு டின்ட்டுக்குப் பின்னால் என் மனைவி

வெயில் மனைவியைச் சுடுகிறதே என்று, இந்தளவு கறுப்பு சட்டப்படி கூடாதெனக் கடைக்காரர் சொல்லியும் கேட்காமல், கார்க் கண்ணாடிகளுக்கெல்லாம் டின்ட் ஒட்டுவித்தேன்.

அன்று பொழுதுபடும் நேரம். கோப்பாயில் எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் காரைப் பின்னுக்கு எடுத்தேன். வழமைபோல மனைவி பின்னால் நின்று கை காட்டியிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காரில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், மதிலோடு ஒட்டி நிற்கிறார்.

"இஞ்சரப்பா, நிப்பாட்டச் சொல்லிக் கை காட்டினது தெரியேல்லையே?"

"உமக்கு வெயில் படக்கூடாதெண்டுதானே ஒட்டினனான்."

"வெயில் பட்டால் நான் கறுப்பன். கார் பட்டால் இருப்பனே?"

மறுநாளே எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். இப்போது காரில் போகும்போது வெயிலுக்கு அவர் கையில் துவாய்த் துண்டைப் போட்டுக்கொள்கிறார். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, பின்கண்ணாடியில் அவர் முகம் தெரியும்வரை நான் பிரேக்கிலிருந்து கால் எடுப்பதில்லை.