வீட்டுக்கொரு பங்கு

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நானும் ஒரு சொந்தக்காரி. பந்தைக் காலால் ஒரு நாளும் தொட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் வரைக்கும் அந்தக் கழகத்தை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

பிடிக்காததற்குக் காரணம் உண்டு. என் வீட்டு வளவு வேலிக்கு அப்பால்தான் மைதானம். பின்னேரமானால் பந்து வேலியைத் தாண்டி வந்து என் கத்தரிக் கன்றுகளின் மேல் விழும். அடுத்த தரம் விழுந்தால் வெட்டிப்போடுவேன் என்று எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன். ஒரு தரமும் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறு தின்றிருக்க மாட்டார். அவர் விளையாடியவர் இல்லை, பார்க்கிறவர். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்தோ கத்தென்று கத்திவிட்டு வருவார். வந்து தண்ணீர் கேட்கக்கூடக் குரல் இருக்காது.

சண்டையால் மருந்து வரும் பாதை அடைபட்டிருந்த காலத்தில், நெருப்புக் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகும் பந்து வந்து விழுந்தது. நான் பேசாமல் எடுத்து வேலிக்கு மேலால் எறிந்துவிடுவேன். ஏசினால் சமாதானம் சொல்ல ஆளில்லாத வீட்டில் ஏசி என்ன பயன்?

கழகத்தைத் தாங்கி நின்றவர் ஊரிலிருந்த ஒரு புகையிலை வியாபாரி. முதலாளி என்றுதான் எல்லோரும் சொல்வோம். மைதானக் காணி அவருடையது. பந்து, சட்டை, வெளியூர்ப் போட்டிக்குப் போக லொறி எல்லாமே அவர் செலவு. வருஷத்தின் முதல் போட்டியன்று வெள்ளை வேட்டியோடு மைதானத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கத்து ஆட்டக்காரருக்கும் வரிசையாகக் கை கொடுத்துத் தொடக்கி வைப்பவரும் அவர்தான்.

தெற்கே போகும் பாதை பூட்டப்பட்டதும் அவருடைய புகையிலை கொட்டிலிலேயே கிடந்தது. டீசல் இல்லாமல் லொறியும் நின்றது. கடைசியில் ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, கனடாவிலிருக்கும் மகனிடம் போகப் போகிறேன், காணியை விற்கத்தான் வேண்டும் என்று சொன்னார். வெங்காயம் நடுவதற்கு வெளியூர் ஆள் ஒருவர் அதைக் கேட்டிருந்தார். ஊர் வாங்குவதென்றால் விலையைக் குறைக்கிறேன், உங்கள் வெங்காயம் கிண்டி முடியும்வரை பொறுக்கிறேன் என்றாராம் முதலாளி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அந்த மனுஷனுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

காணி போனால் கழகமும் போய்விடும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதரவாளர்கள் மைதானத்தில் கூடினார்கள். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் வருகிறார், அவர் இருக்க ஒரு கதிரை வேண்டும் என்று என் வீட்டுக் கதிரையைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வேலியோரம் நின்று காது கொடுத்துக் கேட்டேன்.

கழகத்தின் கப்டன் தபால் கந்தோரில் வேலை செய்பவன். அவன்தான் எழும்பிக் கதைத்தான்.

"இன்னொரு முதலாளியைத் தேடித் திரியாமல் நாங்களே வாங்குவம். கிணத்துப் பங்கு மாதிரி, வீட்டுக்கொரு பங்கு."

எங்கள் பக்கத்தில் தோட்டக் கிணறு ஒருவருக்கே சொந்தமாக இருப்பது குறைவு. ஆறு பேர், எட்டுப் பேர் என்று பங்கு வைத்திருப்பார்கள். உறுதியிலும் எழுதியிருக்கும். இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் முறை என்று இருக்கும், முறை வந்தவர் இறைப்பார், மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். அதனால் ஒரு கழகத்தைப் பல பேர் சேர்ந்து வைத்திருப்பது எப்படி என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டைக் காசுக்கு வழி என்ன, புல் வெட்டுவது யார் என்று உடனேயே சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கப்டன் பங்குக்கு எழுதி வைத்த வீடுகளை ஒழுங்கை வரிசையில் வாசித்தான். எனக்கு முந்தின வீட்டை வாசித்தான். பிறகு எனக்கு அடுத்த வீட்டை வாசித்தான். நடுவில் என் வீடு இல்லை. கதிரை வாங்க மட்டும் என் வீட்டுப் படலை வாசல் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கோபத்தை விட எனக்கு அழுகைதான் வந்தது.

நொத்தாரிசு ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி தம்பி. வீட்டுக்கொரு பங்கெண்டால் வீட்டுச் சொந்தக்காரர் எல்லோ கையெழுத்து வைக்கவேணும். உந்த வீடுகள் ஆரின்ரை பேரிலை கிடக்கு?"

எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறவை. அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற அத்தனை ஆம்பிளைகளும் பெண்சாதி வீட்டில் குடியிருப்பவர்கள். இரவிரவாக யோசித்துத் தாங்களே போட்ட விதி, அவர்களில் ஒருவருக்கும் பங்கில்லாமல் செய்துவிட்டது.

"மனுசியின்ரை பேரிலைதான்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

"அப்ப போய் மனுசிமாரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றுவிட்டு ஐயா எழும்பினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மனுசிமார் இலேசில் ஓம் என்று சொல்லிவிடவில்லை. அடுத்த நாள் என் முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டினோம். கழகச் சட்டைகளைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. போட்டி முடிந்ததும் சட்டைகள் வீடுகளுக்கு வந்துவிடும். சவர்க்காரம் யானை விலை விற்ற காலம் அது. பனங்காயைப் பிசைந்து, அந்தக் களியில் தோய்த்துச் சேற்றைப் போக்கவேண்டும். பங்குக்காரி சட்டை தோய்க்க மாட்டாள், ஓடினவனே தோய்க்கட்டும் என்று முடிவாயிற்று. பிறகு பல நாள் கிணற்றடியில் பதினொரு பேரும் குந்தியிருந்து பனங்காய் பிசைந்ததை நாங்கள் ஆசைதீரப் பார்த்தோம்.

அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் எதிர்வீட்டு அக்கா என் பக்கம் திரும்பினா.

"உன்ரை வளவு ஆரின்ரை பேரிலை?"

"என்ரை பேரிலைதான் அக்கா. அம்மா தந்த சீதனம்."

"பிறகேன் உன்ரை பேர் இல்லை?"

"ஆம்பிளை இல்லாத வீடெண்டு விட்டிருப்பினம்."

அக்கா கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்தா, சீலையை உதறினா, தபால் கந்தோருக்கு நடந்து போனா. என்ன சொன்னாவோ தெரியாது. பொழுதுபட முன்னமே கப்டன் என் படலையில் வந்து நின்றான்.

"உங்களைக் கரைச்சல் படுத்தக்கூடாதெண்டுதான் அக்கா விட்டனான். குறை நினையாதேங்கோ."

"கதிரை கேக்கேக்கை கரைச்சல் இல்லையோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் பேரை எழுதினான். அந்தப் போகத்து வெங்காயம் விற்ற காசில் என் பங்கைக் கட்டினேன். நொத்தாரிசு ஐயாவுக்கு முன்னால் கையெழுத்து வைத்தேன். முதலாளி கண் கலங்கித்தான் உறுதியைக் கொடுத்தார்.

அந்த வருஷத்து முதல் போட்டிக்குக் குருநகரிலிருந்து கடற்றொழில் செய்யும் பெடியள் சைக்கிளில் வந்தார்கள். தொடங்குகிற நேரம் ஒரு கேள்வி எழும்பியது. முதலாளி போய்விட்டார், இனி யார் கை கொடுப்பது? எல்லோரும் பங்குக்காரர், எல்லோருக்கும் முறை உண்டு, முதல் முறைக்குத் திருவுளச்சீட்டுப் போடுவோம் என்று ஒரு செம்புக்குள் பேர்களைப் போட்டார்கள். நான் வழக்கம்போல் வேலிக்குப் பின்னால் நின்றேன். சீட்டு எடுத்ததும் மைதானம் சத்தமில்லாமல் போனது. என் பேர்தான் என்று அந்த அமைதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வருஷமாகக் கல்யாண வீட்டிலும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டிலும் நான் பின்பக்கம் குசினி அடுப்படியில்தான் நின்றிருக்கிறேன். நில் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவைக்காமல் நானே நின்றேன். நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில் என் கை படக்கூடாது என்று ஊருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கப்டன் படலைக்கு வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"வேறை ஆருக்கும் குடு தம்பி. நான் மனத்தாபப்பட மாட்டன்."

"கிணத்திலை உங்கடை முறை வந்தால் ஆரும் மறிக்கிறதே?" என்றான் அவன். "கெதியா வாங்கோ அக்கா, றெஃபரி மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

எதிர்வீட்டு அக்கா பின்னால் வந்து என் தோளில் கை வைத்துத் தள்ளினா. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும், அந்த மைதானத்து மண்ணில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். எங்கள் பெடியள் பதினொரு பேரும் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். ஒருவனும் பின்வாங்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துத்தான் இன்றைக்கும் நான் விளக்கேற்றுகிறேன்.

பிறகு குருநகர்ப் பெடியள். என்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊர்த் தலைவி யாரோ என்று நினைத்திருப்பார்கள். வரிசையின் கடைசியில் நின்றவன் அவர்களுடைய கோல் காப்பாளன், வலை இழுத்துக் காய்த்துப்போன கை. நான் கையை நீட்டியதும் அவன் தன் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தான். இவனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவன் குனிந்து, உள்ளங்கையைக் காற்சட்டையில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தான்.

"மண்ணாக் கிடக்கு அம்மா" என்று சொல்லிவிட்டு, துடைத்த கையை எனக்குத் தந்தான்.