வெறும் வாயால் ஊதிய அடுப்பு

எங்கள் வீட்டு ஊதுகுழல், பழைய சைக்கிள் ஒன்றின் சட்டத்திலிருந்து அப்பா அறுத்துக் கொடுத்த இரும்புக் குழாய். ஒரு முழத்தைவிடச் சற்று நீளம். அம்மாவின் வாய் படும் முனை மட்டும் பளபளக்கும்.

அம்மா அதைக் கீழே வைத்து நான் கண்டது குறைவு. கொள்ளியைத் தள்ளுவா. சாம்பலுக்குள் சுட்ட மரவள்ளிக்கிழங்கைக் கிளறி எடுப்பா. குசினிக்குள் நுழையும் கோழியைக் கலைப்பா. நான் புத்தகத்தை மூடினால் கெண்டைக்காலில் ஒன்று விழும். ஆனால் ஒரு நாளும் என்னை ஊத விட்டதில்லை.

"தாங்கோம்மா, நான் ஊதுறன்."

"அடுப்பூதி ஆர் சோதினை பாஸ் பண்ணினது? போய்ப் படி."

அப்படித்தான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆளானேன், பட்டமும் பெற்றேன். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் மறைத்ததில்லை.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தபோது வவுனியாவுக்குக் கூட்டிச் சென்றேன். புகை கூடவே கூடாது என்றார் மருத்துவர். காஸ் அடுப்பு வாங்கி வைத்தேன். அம்மா அதில் தேநீர் மட்டும் வைத்தா. நெல் அவிக்கும் பெரிய பானை அதில் ஏறாது. முற்றத்து அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

அம்மா வயலுக்குப் போயிருந்த ஒரு காலை, பழைய இரும்பு எடுப்பவர் வந்தார். குழலை நீட்டினேன்.

"இதுக்கு மாறா என்னத்தைத் தாறது, தங்கச்சி? ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் வராதே."

"ஒண்டும் வேண்டாம். கொண்டு போங்கோ."

குழல் இல்லாவிட்டால் அம்மா அடுப்பு மூட்டமாட்டா என்று நினைத்தேன். மாலையில் சொன்னபோது அம்மா சிரித்தா. "அடுப்பை விட்டிட்டுக் குழலையே பிடிச்சுக் குடுத்தனீ?"

மாரி தொடங்கியது. நான் வேலைக்கு விடிய பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வருவேன். ஒரு நாள் நேரத்தோடு வந்தபோது, தாழ்வாரத்துக்கு மாற்றிய அடுப்பின் முன்னால் அம்மா கன்னம் நிலத்தில் படக் கிடந்து, ஈர விறகை வெறும் வாயால் ஊதிக்கொண்டிருந்தா. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் புகைதான் உள்ளே போனது.

"எத்தினை நாளாயம்மா இப்பிடி?"

"மழை துவங்கின நாள் துவக்கம்."

குழல்தான் அம்மாவின் முகத்தை நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருந்தது. அடுப்பூதும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விடயம் அது. ஊதாமல் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை முடியும் முன்பே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மறுபடியும் வவுனியா. ஒரு கருவியின் வாயை அம்மாவிடம் கொடுத்து, "பலமா ஊதுங்கோ அம்மா" என்றார்கள். மூன்று தரம் ஊதினா. கருவியின் முள் அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பழுதான சுவாசப்பை இனிப் பழையபடி திரும்பாது என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மா வெறும் வாயால் ஊதியதை நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். பிறகு அவர் அம்மாவிடம் கேட்டார்: "போன முறை குழல் வைச்சு ஊதிறன் எண்டு சொன்னீங்கள். இப்ப ஏன் வெறும் வாயாலை ஊதினனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அமத்தினா. பேசுவதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"குழல்... துலைஞ்சு போச்சு, டொக்டர். நான்தான்... எங்கையோ வைச்சிட்டன்."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.