சுதந்திர மேய்ச்சல்

கரியாலூர் போகும் மலைப்பாதையில் ஒரு பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறேன். 'சொந்த நிலத்தில் சுதந்திர மேய்ச்சல்' என்கிறது பலகை. பக்கத்தில் சிரிக்கும் ஆட்டின் படம். முள்கம்பி வேலிக்குள் முழங்கால் உயரப் புல், சொட்டுநீர்க் குழாய், தொட்டி நிறையத் தண்ணீர். கல்யாண மண்டபம்கூட இவ்வளவு வசதியாக இருக்காது. ஆனால் இருபது ஆடுகளும் வயிறு ஒட்டி, புல்லுக்கு முதுகைக் காட்டி, கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் களை பறிக்கும் அம்மாவிடம் கேட்கிறேன். "இவ்வளவு புல் இருக்கே, ஏன் மேயலை?"

"செம்மறின்னா குனிஞ்சி மேயுங்க. இது வெள்ளாடு. அண்ணாந்து தழையை இழுத்துத் துன்னாத்தான் அதுக்கு வயிறு ரொம்பும். இந்த நெலம் பூரா மரமும் செடியுமாத்தான் கெடந்துச்சி. மொதலாளி ஜேசிபி உட்டு வழிச்சிட்டு புல்லு நட்டாரு."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேங்க. அவரு செல்லுல ஆடு வளக்கிற வீடியோ பாத்துக்கினு இருந்தாரு."

அப்போது வளைவில் ஒரு பெரிய தழைக்கட்டு மூச்சு வாங்கியபடி ஏறி வருகிறது. அதற்கடியில் வெள்ளை ஷூ போட்ட இரண்டு கால்கள். ஆடுகள் ஒன்றாகக் கத்துகின்றன.

"அவருதாங்க மொதலாளி" என்கிறார் அந்த அம்மா, களையிலிருந்து கையை எடுக்காமல். "காலையில ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா. ஆடு நின்ன எடத்துலயே நிக்குது. அவருதான் மலை பூரா மேஞ்சிக்கினு வராரு."