அய்யாவின் காலைத் தின்ற கிருமி

அப்பாவை நான் அய்யா என்றே கூப்பிடுவேன். வயலில் முள் குத்திய அவர் காலை, எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமி அரித்தது. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது நான் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கடல் பாக்டீரியாக்களை ஆராயும் மாணவி. புண்ணைச் சோதித்த ஆய்வகத்தில் கேட்டு, அந்தக் கிருமியை வாங்கிவந்து, அதை அடக்கும் கடல் பாக்டீரியா உண்டா என்று பார்க்க வளர்த்தேன்.

"வீட்டுத் துக்கத்தை ஆராய்ச்சிக்குள்ள கொண்டு வராதீங்க. சாதாரணக் கிருமியை வச்சு ஆய்வை முடிங்க," என்றார் என் பேராசிரியர்.

"ஆளைத் தின்னுறது இதுதான் சார். இதை விட்டுட்டு வேற எதை அடக்கி என்ன செய்ய?" என்றேன்.

கடற்சேற்றில் எடுத்த பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாக அதனிடம் தோற்றன. கடற்பஞ்சில் கிடைத்த ஒன்று மட்டும் தன்னைச் சுற்றி அந்தக் கிருமியை அண்டவிடவில்லை. அது சுரந்தது பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டு.

ஊருக்குப் போய் அய்யாவிடம் சொன்னேன்.

"மருந்தாகுமா ஆத்தா?"

"வருசக்கணக்காகும் அய்யா. ஆகாமலும் போகலாம்."

"அப்ப இங்கன என்ன செய்யுற? மண்டபத்துக்குக் கிளம்பு."

கிளம்பினேன். பேராசிரியர் முகம் கடுத்தபோதும், அந்தக் கிருமியை வைத்தே பட்டத்துக்கான ஆய்வை முடித்தேன். மருந்து இன்னும் வரவில்லை. நானும் விடுவதாக இல்லை.