பென்சிலில் எழுதிய பெயர்

கத்தரி வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் தொங்கியவள் என் அக்கா புஷ்பாதான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் சிரித்தால் நான் பொறுப்பில்லை. அடிப்பதில் அவளுக்குக் கை கொஞ்சம் நீளம்.

அப்பா இறந்த பிறகு ராணுவ உடுப்பு தைக்கும் ஃபேக்டரியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பனிமலையில் நிற்கும் சிப்பாய்களின் கோட்டுக்குக் கை தைக்க வேண்டும். வருஷக்கணக்காக அதே வேலை. இடது கை, வலது கை, இடது கை, வலது கை. முழுக் கோட்டு எப்படி இருக்கும் என்றுகூட அவள் மெஷினுக்குத் தெரியாது.

"இந்தக் கைங்கோ எல்லாம் எங்க போவுதுன்னு ஒரு தபா பாத்துட்டு வரணும்டா" என்பாள்.

தொண்ணூற்று மூன்றில் குவார்ட்டர்ஸ் மலையேற்றச் சங்கம் இமயமலைக்கு ஆள் சேர்த்தது. அக்கா போய்ப் பெயர் கொடுத்தாள். செயலாளர் எத்திராஜ் சார் எழுதிக்கொண்டார். ஆண்கள் பெயரெல்லாம் பேனாவில். அவள் பெயர் மட்டும் பென்சிலில். நான்தான் எட்டிப் பார்த்து வந்து சொன்னேன். அன்றைக்கு அவள் சுட்ட தோசையெல்லாம் கருகியிருந்தது.

பிறகு டெல்லியிலிருந்து ஹார்னஸ் வந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டு தொடைக்கும் வளையம், முன்னால் கயிறு கட்ட ஒரு காது. கால் வழுக்கினால் உயிர் அதில்தான் தொங்கும். வந்தது இரண்டு வகை. ஒன்று மெத்தை வைத்துத் தைத்த கனமான சாமான்; கோயில் யானைக்குக் கட்டலாம். இன்னொன்று லேசானது, சுருட்டினால் டிபன் டப்பாவுக்குள் அடங்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து தொங்கிக் காட்ட வேண்டும். தேறாதவர்கள் மலைக்கு வர முடியாது. அதுதான் விதி.

"லேடீஸுக்குக் கனமானதுதாம்மா சேஃப்டி. இது சும்மா ரிப்பன் கணக்கா கீது" என்றார் எத்திராஜ் சார்.

"அத்த மாட்டினா மலை ஏறப் போறது அதுதான் சார். நான் பின்னாடி நடந்து போவணும்."

பழைய பேப்பர் கடைத் தராசில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். கனமானதுக்கு ஈடாக என் சரித்திரம், பூகோளம், கணக்கு மூன்று புத்தகங்களும் வேண்டியிருந்தன. லேசானதுக்குக் கணக்கு மட்டும் போதும். என் படிப்பு உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எடைகூடப் பரவாயில்லை. கனமானதன் தொடை வளையத்தில் அக்காவின் இரண்டு தொடையும் ஒன்றாகப் போகும் போலிருந்தது. ஆண்பிள்ளை அளவு, இறுக்க வழியில்லை. லேசானதில் ஒவ்வொரு வளையத்துக்கும் தனி பக்கிள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பிடித்தது.

"இதுதான்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இடுப்புப் பட்டையின் நுனி முழங்கால் வரை தொங்கியது. ஃபேக்டரியில் ஒரு நூல் தொங்கினாலே செக்கர் உருப்படியைத் திருப்பி அனுப்புவார். அந்தப் பழக்கம் விடுமா? நுனியை பக்கிளில் விட்டு, மடக்கி, மறுபடியும் நுழைத்து, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு, மீதியைக் கத்தரியால் வெட்டிவிட்டாள். பிரியாமலிருக்க நுனியை ஸ்டவ்வில் காட்டி உருக்கினாள்.

"இன்னாடி நாத்தம்?" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

"ஃபினிஷிங்மா."

கோட்டும் அவளே தைத்தாள். பூந்தமல்லி நூர் முகமது பாய் கடையில் கம்பளித் துணி வாங்கி, கை மட்டுமில்லாமல் முழுசாக. சனிக்கிழமை அது தயாரானதும் எனக்குக் குறும்பு தாங்கவில்லை.

"யக்கா, ஸ்வெட்டரு, கோட்டு, ஹார்னஸு எல்லாத்தையும் மாட்டிக்கினு தெருவுல ஒரு ரவுண்டு வா. ஐஸ் வண்டிக்காரரு பயந்துபோயி ஐஸ ஃப்ரீயா குடுப்பாரு."

மாட்டினாள். தெருப் பசங்களைக் கூட்டி வைத்திருந்தேன். பட்டை பக்கிளுக்குள் ஒரு தடவை போனது. மடக்கித் திரும்ப நுழைக்காவிட்டால் எடை விழுந்ததும் உருவிக்கொள்ளும்; அதற்கு நுனி எட்டவில்லை. மூச்சை அடக்கி இழுத்தாள். எட்டவில்லை. வெட்டும்போது அவள் போட்டிருந்தது பருத்திச் சுடிதார். அளவு சரிதான், ஆவடிக்குச் சரி.

பசங்க சிரித்தார்கள். நான் ஓடிப்போய் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"ஒட்டு தச்சிரலாம்க்கா?"

"உசுரு தொங்குற பட்டைல ஒட்டா? போடா."

அந்த நேரம் பார்த்து எத்திராஜ் சார் சைக்கிளை நிறுத்தினார். "நான் அப்பவே சொன்னேனேம்மா. பேசாம கனமானத எடுத்துக்கோ. இல்லாங்காட்டி ஊட்லயே இரு. பேரு பென்சில்லதான் கீது, அழிச்சிக்கலாம்."

அவர் சைக்கிளை மிதித்ததும் அக்கா வீட்டுக்குள் போனாள். பிறகு கோட்டைக் கழற்றி மெஷின்மேல் போட்டாள்.

"பட்டை யாரோ தச்சது. கோட்டு நான் தச்சது. அது என் பேச்சக் கேக்கும்."

ஹார்னஸை உள்ளே, மெல்லிய ஸ்வெட்டர்மேல் மாட்டிப் பார்த்தாள். நுனி மடங்கித் திரும்பிப் போய், அதற்கு மேலும் நாலு விரல் நின்றது. கோட்டு அதற்கு மேலே. முன்பக்க ஜிப்பைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பட்டன் வைத்தாள். அடியில் இரண்டு பட்டன் திறந்தால் கயிறு கட்டும் காது மட்டும் வெளியே வரும். காற்றுப் புகாமலிருக்க உள்ளே ஒரு மடிப்பு. சாயங்காலம் முழுக்க மெஷின் ஓடியது. நான் பட்டன்களை எடுத்துக் கொடுத்தேன். இரண்டைத்தான் ஒளித்து வைத்தேன். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸே தொட்டியடியில் நின்றது. ஆண்கள் பனியனோடு தொங்கிவிட்டு இறங்கினார்கள்.

"நீ கோட்டோட தொங்கணும்" என்றார் எத்திராஜ் சார்.

"மத்தவங்க?"

"அவங்க பெல்ட்ட வெட்டலியே."

"சரி சார்."

அவரே பக்கிளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. தொட்டியின் மேல்கம்பி வழியாக வந்த கயிற்றைச் சங்கத்து கோவிந்தராஜ் அண்ணன் கீழே பிடித்துக்கொள்ள, அக்கா ஏணியை விட்டுக் கால் எடுத்தாள். தொங்கினாள். ரிப்பன் தாங்கியது. யாரோ விசிலடித்தார்கள், நானாகக்கூட இருக்கலாம்.

"போதும்மா, எறங்கு."

அக்கா இறங்கவில்லை. "என் பேரு எதுல கீது சார்?"

"இன்னாது?"

"பென்சில்லயா, பேனாலயா?"

"மேல தொங்கிக்கினு கேக்குற கேள்வியா இது? மயக்கம் வரும், எறங்கும்மா!"

"அங்க குளுரும், இங்க காயுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுதுங்க சார்."

எத்திராஜ் சார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கோவிந்தராஜ் அண்ணன்தான் முதலில் உடைந்தார். "சார், கை கழண்டுரும் போலக் கீது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எழுதுங்க சார்!"

நான் சேமியா ஐஸ் ஒன்று வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அவள் கழுத்துக்குள் போடத்தான் ஏறினேன், சத்தியமாக. கிட்டே போனால் முகம் வெந்த தக்காளி மாதிரி இருந்தது. உதடு காய்ந்திருந்தது. அவள் வாயில் வைத்துவிட்டேன். இதை யாரும் போய் அவளிடம் கிளற வேண்டாம்.

"எறங்குக்கா, போதும்."

"மூடிக்கினு கீழ போடா" என்றாள், ஐஸைக் கடித்துக்கொண்டே.

எத்திராஜ் சார் சட்டைப்பையில் கையை விட்டார். பேனா வந்தது. நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதினார்.

"எழுதிட்டேம்மா. புஷ்பா. பேனாலதான். போதுமா?"

"இங்கேருந்து தெரியல சார். தூக்கிக் காட்டுங்க."

அவர் நோட்டைத் தலைக்குமேல் தூக்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

நுனிக்காலில் நின்று தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம்தான் இறங்கினாள்.