மேல்மாடியில் கூப்பிட்ட இடாப்பு

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். ஆவி, பேய் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் முகமே சொல்கிறது, இருந்தாலும் கேளுங்கள், இது பட்டப்பகலில் நடந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற பழைய கல் கட்டடம். வெள்ளைக்காரர் காலத்தில் பண்டகசாலை, பிறகு பள்ளிக்கூடம். போன வருடம் அதை எடுத்து ஹோட்டலாக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. நெடுங்காலமாகப் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள் என்று காட்டினால் தப்பலாம் என்றார் அதிபர். ஆனால் பழைய இடாப்புகள், பிள்ளைகளின் வரவு எடுக்கிற புத்தகங்கள், சண்டைக் காலத்தில் எரிந்துவிட்டன. வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆகஸ்ட் விடுமுறை. வாச்சர் அண்ணை என்னை உள்ளே விட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மேல்மாடிக் கூடத்தில் தனியாக இருந்தேன். கடல் வெளிச்சம் ஜன்னலால் வந்து கூரையில் நெளிந்தது, கூடமே தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. நான் நித்திரையும் இல்லை, ஆனால் உடம்பில் பாரமே தெரியவில்லை. அப்போது பக்கத்து வகுப்பறையில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார். சின்னக் குரல் ஒன்று "உள்ளேன் ஐயா" என்றது. அடுத்த பெயர். "உள்ளேன் ஐயா." நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை, விடுமுறையில் ஏது வகுப்பு என்றுகூடத் தோன்றவில்லை, பெயர்களை எழுத வேண்டும் என்று மட்டும் இருந்தது, எழுதினேன். குரல் நின்றபிறகு எட்டிப் பார்த்தால், மேசைகள்மேல் கவிழ்த்த கதிரைகள், தூசி.

கீழே ஓடிவந்தபோது வாச்சர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேல ஆரும் வந்தவையா அண்ணை?"

"பூட்டின கேட்டால ஆர் டீச்சர் வாறது?"

கையில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. யாரிடமும் காட்டவில்லை. எங்களுக்குத் தெரிந்த மிக வயதான பழைய மாணவர் கிண்ணியாவில் ஒரு ஹாஜியார், அவரிடம் கொண்டுபோனேன். கண் தெரியாது அவருக்கு, நான்தான் வாசித்தேன். மூன்றாவது அவருடைய பெயர்.

"இவன் கப்பல்ல போனவன்... இவ மௌத்தாயிட்டா..." என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். உயிரோடிருந்த ஐந்து பேரை அப்படித்தான் கண்டுபிடித்தோம். அவர்கள் கொண்டுவந்த சான்றிதழ்களும் வகுப்புப் படங்களும்தான் கட்டடத்தைக் காப்பாற்றின.

ஆனால் அன்றைக்குக் கடைசிப் பெயரை வாசித்ததும் ஹாஜியார் அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பூரணம் என்ற பெயர்.

"அந்தப் பேரில எங்கட வகுப்பில ஒருத்தரும் இல்ல டீச்சர்" என்றார் மெதுவாக. "ஆனா வாத்தியார் கடைசியாக் கூப்பிடுவார். பின்னாலயிருந்து உள்ளேன் ஐயா எண்டு சத்தம் வரும். நாங்க திரும்பிப் பாக்க மாட்டம்."

மற்ற இருபத்தொரு குரல்களும் பக்கத்து அறையில் கேட்டவை. அந்தக் குரல் மட்டும் என் கதிரைக்குப் பின்னால், காதோடு கேட்டது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.