கெட்டுப்போன தொட்டி

உத்திரமேரூர் பக்கம் வாஷ்பேசின் செய்யும் கம்பெனி ஒன்றில் மண்கரைசல் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் மானாம்பதி பரிமளா. கூடப் பழகின ஒருத்தியே இவளுடைய ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்ட நாளிலிருந்து யாரையும் லேசில் நம்பமாட்டாள். சோற்றுத் தூக்கைக்கூடக் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்தான் மாட்டுவாள்.

அந்தச் சித்திரையில் கரைசல் கெட்டது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. அடியில் தார் மாதிரிக் கறுப்பு. கரைசல் கூழாக இறுகி, அச்சுக்குள் ஓட மறுத்தது. எடுத்த பேசினெல்லாம் விரிசலும் பொத்தலுமாக வந்தன. தொட்டியைக் காலிசெய்து புதிதாகக் கலக்கினார்கள். அதுவும் கெட்டது.

யாரோ எதையோ கொட்டுகிறார்கள் என்று பரிமளா முடிவுகட்டினாள். புதிதாகச் சேர்ந்த சின்னராசு மேல்தான் சந்தேகம். யாரிடமும் பேசமாட்டான், வெள்ளை கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கமே போய்வருவான். மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அவனை வேவு பார்த்தாள். ஒருநாள் அவன் தொட்டிக்குள் குனிந்து பார்த்ததும் சூப்பர்வைசர் மஹபூப் பாஷாவிடம் ஓடினாள்.

“அந்த ஆளு கேன்ல இன்னாவோ எடுத்தாந்து ஊத்தறான் சார்.”

“ஊத்துனத நீ பாத்தியா?”

கொஞ்சம் தயங்கினாள். “பாத்தேன் சார்.”

சின்னராசுவை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் போனான். அதுவே அவளுக்குக் குற்றத்தை ஒத்துக்கொண்டது போலிருந்தது.

ஆனால் அவன் போன பிறகும் தொட்டி நாறியது.

பாஷா கரைசலைச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். அத்தனையும் பாக்டீரியா என்று முடிவு வந்தது. சூளையில் சுடுமுன் உடைந்த பச்சை பேசின்களை ஊறவைத்துக் கரைத்துத் தொட்டிக்கே திரும்ப விடும் குழாயில், வளைவு ஒன்றில் பழைய கரைசல் தேங்கி அழுகியிருந்தது. புதுக் கரைசலையும் அதுதான் கெடுத்துக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றியதும் கறுப்புச் சேறு கொழகொழவென்று விழுந்தது. பரிமளா, தான் பார்த்ததாகச் சொன்னது பொய் என்று பாஷாவிடம் சொல்லிவிட்டு, சின்னராசு வீட்டுக்குப் போனாள்.

“கேன்ல இன்னாதான் எடுத்துக்கினு போன?”

“குடிக்கிற தண்ணி. எங்க வூட்டாண்ட தண்ணி உப்பு. கம்பெனி தண்ணிக் கொயா அந்தத் தொட்டியாண்டதான கீது? ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா.”

பாஷா கூப்பிட்டனுப்ப, சின்னராசு வேலைக்குத் திரும்பினான். கிருமிநாசினி சேர்த்த கரைசல் இப்போது பால்போல ஓடுகிறது. ஆனாலும் தொட்டியருகே அவன் தனியாகப் போவதில்லை.

“அக்கா, வந்து நில்லு. மூடியத் தொறக்கப் போறேன்” என்று குரல் கொடுப்பான்.

கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, பரிமளா போய் நிற்பாள்.